அந்த முட்டை யாருடையது?

பெட்ரோல் விலை ஏறினால் மறுநாள் பேப்பரில் என்ன கார்ட்டூன் வரும் என்று பந்தயமே கட்டலாம். காரை மாடு இழுக்கும். வெங்காய விலை ஏறினால் வெங்காயம் பேங்க் லாக்கருக்குப் போகும். அரசாங்கம் தூங்குகிறதா, கும்பகர்ணன் வந்துவிடுவான்.

எனக்கு இதில் பெரிய கோபமில்லை. வார இதழ்களுக்குத் தபால் கார்டில் ஜோக் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். டாக்டர், மாமியார், போர்க்களத்திலிருந்து ஓடிவரும் மன்னர் என்று மொத்தச் சரக்கே ஒரு கைப்பிடிதான். "மன்னர் தன் குதிரையையே முந்திக்கொண்டு ஓடிவந்தார்" என்று என் ஜோக்கில் அமைச்சர் சொல்வார். சில வருஷம் கழித்து வேறொரு பத்திரிகையில், வேறொருவர் பெயரில், அதையே தளபதி சொன்னார். "கேஸ் போடுங்க" என்றாள் மனைவி. போட்டால் எனக்கு முன்னால் அதை எழுதியவர்கள் கோர்ட் வாசலில் வரிசை கட்டுவார்கள். அதுவும் போக, தளபதி சொல்வதுதான் நன்றாக இருக்கிறது. மன்னர் ஓடிவந்ததை அவர் பார்த்தார் என்றால், அவர் இன்னும் முன்னால் ஓடியிருக்கிறார்!

1895 மே மாதம் லண்டனில் 'ஜூடி' என்ற நகைச்சுவை இதழில் ஒரு படம் வந்தது. வில்கர்சன் என்பவர் வரைந்தது. சாப்பாட்டுக் கடையில் ஓர் இளம் பாதிரியார், முன்னால் கெட்டுப்போன முட்டை. முட்டை எப்படி என்று பரிமாறும் பெண் கேட்க, அங்கங்கே நன்றாயிருப்பதாக மென்று விழுங்குகிறார். அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி 'பஞ்ச்' இதழில் ஜார்ஜ் டு மாரியர் அந்த முட்டையைத் தூக்கி பிஷப் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். "உங்களுக்குக் கெட்ட முட்டை வந்துவிட்டது போலிருக்கிறதே" என்கிறார் பிஷப். "ஐயோ, இல்லை பிரபு, சில பகுதிகள் பிரமாதம்!" என்கிறார் சின்னப் பாதிரியார். ஆங்கிலத்தில் அது பழமொழி மாதிரியே நிலைத்துவிட்டது. ஜூடியை இன்று யாருக்கு நினைவிருக்கிறது?

டு மாரியர் பார்த்துச் சுட்டாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கடையில் கெட்ட முட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொடுக்காதவர் வெறும் கூச்சக்காரர். பிஷப்போ மேலதிகாரி. அவர் வீட்டு முட்டையை எப்படிக் குறை சொல்வது? நம் ஊரில் மேனேஜர் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பாரைப் புகழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யாரும் சுடாமலே ஒரே படம் பல பேப்பரில் வருவதும் உண்டு. 2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோது, அமெரிக்கக் கார்ட்டூனிஸ்டுகள் பலர் சுதந்திர தேவி சிலையை அழவைத்தார்கள். முதலில் தோன்றியதை அப்படியே வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதற்கும் ஒரு மூத்த படம் இருக்கிறது. 1963-இல் கென்னடி சுடப்பட்டபோது, பில் மால்டின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' பேப்பருக்கு வரைந்தது. வாஷிங்டன் நகரத்து நினைவு மண்டபத்தில் இருக்கும் லிங்கன் சிலை, இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு குனிந்திருக்கிறது. லிங்கனும் பதவியில் இருக்கும்போது சுடப்பட்டவர். அந்த அழுகைக்கு அவரை விட்டால் வேறு ஆள் கிடையாது. சுதந்திர தேவி அழுததற்கு, அவள் நியூயார்க்கில் நிற்கிறாள் என்பதைத் தாண்டி என்ன காரணம் இருந்தது? சரி, அன்றைக்குப் படம் கேட்டு ஆசிரியர் தலைமேல் நின்றிருப்பார்.