மூணு கேள்வி கேட்ட பிறகுதான் விலை சொன்னார்

என் மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அவளை ரேஞ்சில் இறக்கிவிட்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த எனக்கு 47 வயதில் ஆசை வந்ததுதான் வினை. அவளுடன் பயிற்சி எடுத்த ஒரு பையன் படிக்க வெளியூர் போனான். அவனுடைய பழைய பீப் சைட் துப்பாக்கியை, அதாவது சின்ன ஓட்டை வழியாகக் குறிபார்க்கிற ஏர் ரைஃபிளை, வாங்கிக்கொண்டேன்.

பத்து மீட்டர் தூரத்தில் இருக்கிற குறி அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு பாட்டில் மூடி. அதன் நடுவில் பத்துப் புள்ளி தருகிற வெள்ளைப் பொட்டு அரை மில்லிமீட்டர், அது யார் கண்ணுக்கும் தெரியாது. நாம் செய்வது பின்னால் இருக்கிற சின்ன ஓட்டை வழியாகப் பார்த்து, குழல் முனையில் உள்ள வளையத்துக்குள் அந்தக் கறுப்பை நடுவாக உட்கார வைப்பதுதான். முன் வளையம் கண்ணிலிருந்து ஒரு மீட்டர், அட்டை பத்து மீட்டர். என் மகளுடைய கண் இந்த இரண்டு தூரத்தையும் ஒருமாதிரி சமாளித்துவிடும். என்னுடைய கண் 'ஏதாவது ஒண்ணு சொல்லுங்க' என்றது. போதாக்குறைக்கு என் கண்ணாடி புரோக்ரஸிவ், தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் ஒரே லென்ஸ். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தால் பார்வை லென்ஸின் மேல் மூலை வழியாக, மூக்குப் பக்கமாகப் போகிறது. அங்கே தெரிவதெல்லாம் தண்ணீருக்குள் பார்ப்பது போலத்தான்.

சரி, பின் ஓட்டையைச் சுருக்கி விரிக்கிற ஐரிஸ் ஒன்று வாங்கினால் சரியாகும் என்று இணையத்தில் ஒரு கடையில் ஆர்டர் போட்டேன். பேர் வேண்டாம். வந்தது என் சைட்டில் ஏறவே இல்லை, மரை வேறு. சொன்னால், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டார்கள். பார்சல் பிரிப்பதை நான் எதற்கு வீடியோ எடுக்கப் போகிறேன்? அதற்குப் பிறகு போன் அடித்தால் ரிங் மட்டும் போனது.

ரேஞ்சில் ஒருவர் சென்னை நம்பர் ஒன்று கொடுத்தார். கடைகூட இல்லை, வீட்டிலிருந்தே துப்பாக்கிச் சாமான் வரவழைத்து விற்கிற ஒரு அம்மா. நான் ரொம்ப விவரமாக, "ஒன்றரை மடங்கு பெரிசாக் காட்டுற ஐரிஸ் இருக்காமே, அது என்ன விலைங்க?" என்றேன்.

விலை வரவில்லை. கேள்விதான் வந்தது.

"மேட்ச் ஆடுவீங்களா சார், இல்ல சும்மா பிராக்டிஸா?"

மாவட்டப் போட்டியிலாவது நிற்க வேண்டும் என்றேன்.

"அப்ப அது வேண்டாம். பெரிசாக் காட்டுறது எதையும் மேட்ச்சுக்கு முன்னாடி சாமான் சோதிக்கிற எக்விப்மென்ட் கன்ட்ரோல்ல விட மாட்டாங்க. தூரப் பார்வை பவர் என்ன? வலது கண்ணுதானே?"

பவர் தெரியாது. என் கண்ணின் பவர் எனக்கே தெரியாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சீட்டைத் தேடி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். தூரப் பவரோடு பிளஸ் 0.50 சேர்த்து, ஒரே பவர் லென்ஸாக, 37 மி.மீ. வட்டமாக உள்ளூரிலேயே வெட்டிக்கொள்ளச் சொன்னார். அதை மாட்டுகிற சூட்டிங் ஃப்ரேமும், ஃபில்டர் எதுவும் இல்லாத சாதா ஐரிஸும் மட்டும் அவரிடம் வாங்கினால் போதுமாம். மூன்றாவது கேள்வி, சைட்டின் மரை. படம் எடுத்து அனுப்பியதும், "9.5 மரைதான், ஏறும்" என்றார். கடைசியில்தான் விலை. நான் முதலில் கேட்ட ஐரிஸின் விலையில் பாதிக்கும் குறைவு.

காந்திபுரத்தில் எங்கள் கண்ணாடிக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஒத்தக் கண்ணுக்கு மட்டுமா? அதுவும் வட்டமாவா?" என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். 650 ரூபாய்.

ஐரிஸ் கைக்கு வந்த அன்று ராத்திரி சாப்பாடு ஆறிப்போனது. பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு சாமான். வளையத்தைத் திருகினால் உள்ளே மெல்லிய தகடுகள் பூ மாதிரி கூம்பி விரிகின்றன. சத்தமே இல்லை, ஆட்டமும் இல்லை. சின்ன வயதில் கையைக் குழல் மாதிரி சுருட்டிக் கண்ணில் வைத்தால் தூரத்து பஸ் போர்டு தெளியுமே, அதே வித்தைதான் இது. ஓட்டை சிறுத்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்து தெளிகின்றன.

மறுநாள் ரேஞ்சில் முதல் தடவை கன்னத்தைச் சாய்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரு வெள்ளை இடைவெளி, அதற்கு வெளியே முன் வளையம். மூன்றுக்கும் விளிம்பு இருந்தது! இத்தனை மாதம் நான் குறிபார்த்தது ஒரு புகையை.

உடனே பேராசை. இன்னும் தெளியட்டும் என்று ஓட்டையைக் கடைசி வரை சுருக்கினேன். எல்லாம் மங்கி இருட்டிவிட்டது. சாயங்காலம் போன் செய்தால் அந்த அம்மா சிரிக்கிறார். "எல்லாரும் முதல் நாள் அதத்தான் செய்வாங்க சார். வெளிச்சம் குறையாம எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான்." முன் வளையமும் ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். 3.8 மி.மீ. வளையத்தைக் கழற்றி 4.2 போட்டேன். கறுப்பு வட்டம் துள்ளுவது நின்றது. பத்துக் குண்டுக்கு 71-ல் திணறிக்கொண்டிருந்தவன் அந்த வாரம் 84. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, அந்த ஐரிஸ் எனக்குத்தானே?" என்றாள்.

போன வாரம், இடது கண்ணை மறைக்கிற தட்டி ஒன்று வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டேன். விற்க மாட்டேன் என்றார். "கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி ஒட்டிக்கோங்க சார். அகலம் 30 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது."

வெட்டி ஒட்டிவிட்டேன். அவசரத்தில் எழுத்துப் பக்கம் உள்ளே போய்விட்டது. இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் என் இடது கண் 'நிகழும் மங்களகரமான' என்று மசமசப்பாக வாசித்துக்கொண்டிருக்கிறது.