சிவப்புப் புத்தகமும் பச்சை அட்டையும்

2023 ஜூன் 30, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

சீனாவில் இருக்கும் மனைவியை அமெரிக்காவுக்கு அழைக்கும் மனுவோடு வைக்க ஆதாரம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் 12ஆம் தேதி செங்டுவில் பதிவு செய்தோம். சீனாவில் திருமணச் சான்றிதழ் ஒற்றைத் தாள் இல்லை; கையடக்கமான சிவப்புப் புத்தகம், ஆளுக்கு ஒன்று. கல்யாணம் ஆனதற்கு அது சாட்சி. ஆனால் கிரீன் கார்டுக்காகச் செய்த கல்யாணம் இல்லை என்பதையும் நாங்கள்தான் காட்ட வேண்டும். கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரி, பிள்ளைகள், எதுவும் எங்களிடம் இல்லை. 2019இல் வேலை விஷயமாகச் செங்டு போனபோது பழக்கம். 2020இல் எல்லை மூடியது. மறுபடி நேரில் பார்த்தது இந்த ஏப்ரலில்தான். கையில் இருப்பதெல்லாம் வீசாட் உரையாடல்.

பிறந்தநாள் வாழ்த்து, 'சாப்பிட்டாயா' வகையறா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தேன். வீடியோவில் காட்டியதும் அவள் முகம் சுளித்தாள். "இதைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. 2022 செப்டம்பர் 5ஐ எடு."

அன்று அதே மாகாணத்தில், லுடிங்கில் நிலநடுக்கம். செங்டுவில் கொரோனா ஊரடங்கு வேறு. 21ஆம் மாடியில் விளக்கு ஆடுகிறது. கீழே இறங்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் நிற்கிறாள். இங்கே அப்போது ஞாயிறு இரவு பத்து மணி. நான் நண்பர் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தேன், போன் சைலன்ட்டில். பதினேழு செய்திகள், அதற்குப் பிறகு இரண்டு நாள் சண்டை. "கிரீன் கார்டுக்காகக் கட்டிக்கொள்கிறவள் இப்படித் திட்டுவாளா? இதை வை" என்றாள்.

வைத்துவிட்டேன். ஆங்கிலம் அல்லாத எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பும், அது சரியானது என்ற உறுதிமொழியும் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரே ஓர் இடத்தில் மட்டும் 'வசைச்சொல்' என்று நாசூக்காகப் போட்டிருக்கிறார்.

2023 ஜூலை 9

ஐ-130, அதாவது மனைவியை அழைக்கும் அந்த மனு, இணையத்தில் போய்விட்டது. 535 டாலர். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

2024 ஏப்ரல் 14

வருமான வரி. மனைவியின் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்ட கட்டத்தில் என்.ஆர்.ஏ, அதாவது இங்கே வசிக்காத வெளிநாட்டவர் என்று எழுதி, 'திருமணமானவர், தனித்தாக்கல்' என்று அனுப்பினேன். கல்யாணம் ஆகியும் தனிக்கட்டை கணக்குதான்.

2024 ஆகஸ்ட் 21

பதின்மூன்று மாதம் கழித்து அப்ரூவல். நண்பர்கள் போனில் வாழ்த்துகிறார்கள், ஏதோ விசாவே வந்துவிட்டது போல. இது முதல் வாசல்தான். இனி கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். விசா விண்ணப்பத்துக்கு 325, ஆதரவு உறுதிமொழிக்கு 120.

2024 அக்டோபர் 5

இந்த வாரம் முழுக்கப் பெயர்த் தகராறு. அவள் குடும்பப் பெயர் 'லூ'வுக்கும் 'லீ'க்கும் நடுவே உதட்டைக் குவித்துச் சொல்ல வேண்டிய ஒலி. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்தில்லை. பாஸ்போர்ட்டில் எல்-ஒய்-யு. பழைய பட்டச் சான்றிதழிலும் வங்கியிலும் எல்-வி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று செங்டு நோட்டரி அலுவலகத்தில் எழுதி வாங்கினாள். பிறப்பு, திருமணம், குற்றப் பின்னணி இல்லை என்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒரு கோங்ஜெங்ஷு. அதாவது நோட்டரி சான்று, சின்னப் புத்தகமாகத் தைத்துத் தருகிறார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஈரோட்டில் இனிஷியலோடு பிறந்து, இங்கே அப்பா பெயரே குடும்பப் பெயராகிப்போனவன் நான். அலுவலகத்தில் பாதிப் பேர் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஐ-864 என்கிற அந்த ஆதரவு உறுதிமொழியிலும் இன்று கையெழுத்திட்டேன். இரண்டு பேர் குடும்பத்துக்கு வறுமைக் கோட்டின் 125 சதவீதம், அதாவது 25,550 டாலர் வருமானம் காட்டினால் போதும். அது பிரச்சினை இல்லை. ஆனால் அவள் குடியுரிமை பெறும்வரை, அல்லது நாற்பது காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை அவளைத் தாங்கும் பொறுப்பு எனக்கு. விவாகரத்து ஆனாலும் அது விலகாது. அவள் ஒரு வால்வு கம்பெனியில் கணக்குப் பிரிவின் தலைவி. ஒப்பந்தம் என்றால் கடைசி வரி வரை படிப்பாள். படித்துவிட்டு, "சிவப்புப் புத்தகத்தை விட இதுதான் உறுதியான கல்யாணம்" என்றாள்.

2025 பிப்ரவரி 12

சீனப் பெருநிலத்துக்குக் குடியேற்ற விசா என்றால் குவாங்சோவில் இருக்கும் அமெரிக்கக் கான்சுலேட் மட்டும்தான். எந்த மாகாணத்துக்காரராக இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு தடவை போய் வந்தாள், இன்று நேர்காணலுக்கு இரண்டாவது தடவை. அவளுக்கு வியாழன் காலை எட்டு, எனக்கு புதன் மாலை நான்கு. உள்ளே போன் கூடாது. ஜூஜியாங் நியூ டவுனில் கான்சுலேட்டுக்கு வெளியே பை வைக்கும் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டேகால் மணி நேரம் அந்தப் போனுக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

கேட்டது மூன்றே கேள்வியாம். எப்படிப் பழக்கம், எந்த மொழியில் பேசிக்கொள்வீர்கள், எத்தனை தடவை வந்தார். சண்டைத் தாளை அதிகாரி புரட்டினாரா என்றேன். "அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார்" என்றாள். எனக்கு இது போதும்.

2025 பிப்ரவரி 16

விசா வந்துவிட்டது. சிஆர்-1. ஆகஸ்ட் தொடக்கம் வரை செல்லும். இப்போதுதான் எனக்கே உறைத்த ஒரு கணக்கு: நாட்டுக்குள் நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால், கிரீன் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான். அது முடியும் முன் தொண்ணூறு நாளுக்குள் ஐ-751 என்று இன்னொரு மனு போட்டு, மறுபடி எல்லா ஆதாரத்தையும் காட்ட வேண்டும். இரண்டு வருடம் ஆகிவிட்டால் அது ஐஆர்-1. பத்து வருட அட்டை. ஜூன் 12க்குப் பிறகு வந்தால் போதும்.

இருந்தாலும் உடனே கிளம்பி வா என்றேன். அவள் கேட்கவில்லை. மே 31 வரை கம்பெனிகளின் வருடாந்திர வரிக்கணக்கு முடிக்கும் காலம். பாதியில் விட்டுவிட்டு வர மாட்டாளாம்.

2025 ஏப்ரல் 12

இங்கிருந்து 145 சதவீத வரி, அங்கிருந்து 125. கூட்டாளிகள் போல இருந்த இரண்டு நாடுகளும் பங்காளிச் சண்டையில் இறங்கிவிட்டன. விசாவை நிறுத்திவிடுவார்களோ, விமானத்தை நிறுத்திவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கமில்லை. நேற்றிரவு டிக்கெட் எடுத்துவிட்டே அவளிடம் சொன்னேன். பதில் வரவில்லை. காலையில் பார்த்தால், டிக்கெட் ரத்துக் கட்டணம் எவ்வளவு, ஐ-751 கட்டணம் எவ்வளவு, எனக்கு எத்தனை நாள் தூக்கம் போகும் என்று மூன்று வரி போட்ட ஓர் எக்செல் தாள் வந்திருக்கிறது. மூன்றாவது வரிக்கு எதிரே பூஜ்யம். "அது உன் செலவு" என்று குறிப்பு.

ரத்து செய்தேன்.

2025 ஜூன் 14

வந்துவிட்டாள். பெய்ஜிங் வழியாக சான் பிரான்சிஸ்கோ. விசாவில் அச்சடித்திருந்தது சிஆர்-1; நுழையும்போது ஐஆர்-1 ஆக மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லையென்றால் தப்பான அட்டை வரும். ஒரு மாதமாக அந்த ஆங்கில வாக்கியத்தைப் போனில் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தேன். அங்கே போய் அவள் வாக்கியம் எதுவும் சொல்லவில்லையாம். சிவப்புப் புத்தகத்தைத் திறந்து தேதியின் மேல் விரலை வைத்தாளாம். அதிகாரி பேனாவால் அடித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு பெட்டி. ஒன்றில் பாதி, ஹுவாஜியாவ் என்கிற சிச்சுவான் மிளகு. நாக்கு மரத்துப்போகும் சரக்கு.

2025 ஜூன் 29

ஹோட்டலில் ஐஸ் போட்ட தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள், ஏதோ நோயை வேண்டிக் கேட்டு வாங்கியது போல. வெந்நீர் கேட்டதும் கூடவே எலுமிச்சையும் டீப் பையும் வந்தன. அம்மாவிடம் போனில் சொன்னேன். "சுடுதண்ணி குடிக்கறதுல என்ன கண்ணு தப்பு? நல்ல புள்ள" என்று அவள் கட்சியில் சேர்ந்துகொண்டார்.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. நேற்று ஒரு வங்கிக்குப் போனோம், அவளைக் கணக்கில் சேர்க்க. பாஸ்போர்ட், விசா முத்திரை, தபாலில் வந்த சோஷியல் செக்யூரிட்டி அட்டை, எல்லாம் நான்தான் எடுத்து நீட்டினேன். கேட்ட கேள்விகளுக்கு நானே பதில் சொன்னேன். அந்தப் பெண் ஊழியர் கடைசியில் என்னைப் பார்த்து, "அவங்களுக்கு டெபிட் கார்டு வேணுமா?" என்றார். 'அவங்க' ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். நான் வேணும் என்றேன்.

காரில் அவள் பேசவில்லை. ராத்திரி சொன்னாள்: "செங்டுவில் பதினான்கு பேர் என் கையெழுத்துக்கு நிற்பார்கள். இங்கே என் கார்டுக்கு நீ தலையாட்டுகிறாய்."

உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். இரண்டு வருடமாக அவளுக்குப் பதிலாகப் படிவம் நிரப்பி நிரப்பி, வாய் திறந்தாலே அவளுக்குப் பதிலாகத்தான் வருகிறது.

2025 ஜூலை 20

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் சீனக் கடை. எதிரே இந்தியக் கடை. பல் டாக்டர் மாண்டரின் பேசுகிறார். "எல்லாம் சரி, அமெரிக்கா எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். நான் பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன். நியாயமான கேள்வி.

இப்போது போன் அழைப்புகளில் நான் வாயைத் திறப்பதில்லை. நேற்று இன்டர்நெட் கம்பெனியோடு நாற்பது நிமிடம் போராடினாள். பக்கத்து அறையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாதம் பத்து டாலர் குறைத்துவிட்டார்கள். நான் இதுவரை கேட்டதே இல்லை.

2025 ஆகஸ்ட் 23

டிஎம்வி, அதாவது ஓட்டுநர் உரிமம் தரும் அலுவலகம். அதன் எழுத்துத் தேர்வைச் சீன மொழியிலேயே எழுதலாம். 36 கேள்வி, 30 சரியாக இருந்தால் பாஸ். அவள் 35. ஓட்டும் தேர்வில் போய்விட்டது. செங்டுவில் பதினோரு வருடம் ஓட்டியவள், அதுவும் இங்கே போலவே வலது பக்கம். நான்தான் இடது பக்கத்து ஊரிலிருந்து வந்து 2009இல் தப்பான தடத்தில் திரும்பி ஃபெயில் ஆனவன். அவளைக் கவிழ்த்தது ஸ்டாப் போர்டு. மெதுவாக உருட்டிக்கொண்டு தாண்டிவிட்டாள். சக்கரம் முழுசாக நிற்க வேண்டும், அதில் தப்பினால் நேராக ஃபெயில்.

"நாலு பக்கமும் ஆளே இல்லை. யாருக்காக நிற்பது?"

பதில் தெரியவில்லை. பலகைக்காக என்றேன். சீன மொழியில் ஏதோ சொன்னாள். 'வசைச்சொல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

2025 அக்டோபர் 6

நிலவுத் திருவிழா. மூன்கேக் வெட்டி அவள் அம்மாவோடு வீடியோ. மாமியார் கேட்டார், அங்கேயே பிரஜையாகிவிடுவாயா என்று. மூன்று வருடத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் சீனா இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. இந்தியாவும் அப்படித்தான். நான் உறுதிமொழி எடுத்தபோது இந்தியக் குடியுரிமை போயிற்று. ஆனால் ஓசிஐ என்று ஓர் அட்டையாவது கையில் இருக்கிறது, நினைத்தால் ஈரோடு போகலாம். அவளுக்கு அப்படி ஒன்று கிடையாது. அம்மாவைப் பார்க்கவே விசா எடுக்க வேண்டி வரும். "கிரீன் கார்டே போதும்" என்று அம்மாவிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் இன்னொரு துண்டு வெட்டினேன்.

2025 அக்டோபர் 19

லைசென்ஸ் கிடைத்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது என்ரோல்டு ஏஜென்ட் தேர்வுக்குப் படிக்கிறாள். வரித்துறையின் முன் மற்றவர்களுக்காக வாதாடும் தகுதி. மூன்று தாள், இந்த நாட்டுப் பட்டம் தேவையில்லை. பயிற்சிக்கு என்று என் பழைய வரிப் படிவங்களைக் கேட்டாள். கொடுத்தேன். இரவு பத்தரைக்குச் சாப்பாட்டு மேஜையிலிருந்து என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டாள்.

"2023இல் உனக்குக் கழிவு 13,850. சேர்ந்து தாக்கல் செய்திருந்தால் 27,700."

"உனக்கு அப்போது எண்ணே இல்லையே?"

"எண் கேட்டு விண்ணப்பித்திருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் மனைவியை இங்கே வசிப்பவளாக எண்ணச் சொல்லிக் கேட்கும் வழி இருக்கிறது. என் சம்பளத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும், சீனாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். போட்டுப் பார்த்தால்தான் லாபமா என்று தெரியும்." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "2027 ஏப்ரல் வரை திருத்தலாம். 2024க்கும் இதே கதைதான்."

இன்று காலை பட்டியல் வந்திருக்கிறது. போன வருடம் விசா மையத்துக்காக நான் அவளுக்கு அனுப்பிய பட்டியலைப் போலவே எண் போட்டு, கெடுவோடு. ஐந்தாவது, 2023 வங்கி வட்டிக்கான 1099 படிவம். அதை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. இன்னும் அவளிடம் சொல்லவில்லை.