நாற்பது பன்றிகள்

அக்டோபர் 12, 2024, சனி

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் உள்ள ராச்செஸ்டர் கோட்டைக்குப் போய்வந்தேன். சுமார் 34 மீட்டர் உயரக் கோபுரம். கூரை இல்லை, தளங்கள் இல்லை, புறாக்கள் மட்டும் உண்டு. படியேறி முட்டி கழன்றதுதான் மிச்சம் என்று இறங்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. மூன்று மூலைகள் சதுரம், தென்கிழக்கு மூலை மட்டும் வட்டம். ஏன்?

அக்டோபர் 13, ஞாயிறு

விடை 1215-இல் இருக்கிறது. அந்த ஜூனில் மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு ஒப்புக்கொண்ட ஜான் மன்னன், அக்டோபரிலேயே அதைக் கேட்ட பிரபுக்களோடு சண்டையில் இறங்கிவிட்டான். அவர்கள் பிடித்துவைத்திருந்த இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்து ஐந்து கல்லெறி பொறிகளை நிறுத்தினான். சுவரோ மூன்றரை மீட்டர் கனம். அசையவில்லை.

அப்புறம் கீழே தோண்டினார்கள். அஸ்திவாரத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி, மேலே இருப்பது விழாமல் மரத்தூண்களை முட்டுக் கொடுத்து, கடைசியில் அந்தத் தூண்களையே கொளுத்திவிடுவது. தூண் எரிந்தால் சுவர் உட்காரும்.

ஸ்டோர்ஸ் கணக்கு பார்ப்பவனான என்னை இழுத்தது மன்னனின் கடிதங்கள்தான். முதலில் கான்டர்பரிக்கு: இரவு பகலாகக் குந்தாலி அடித்து அனுப்புங்கள். நவம்பர் 25-இல் தலைமை அதிகாரி ஹ்யூபர்ட் டி பர்குக்கு: கொழுத்த பன்றிகள் நாற்பது, சாப்பிட லாயக்கில்லாத ரகமாகப் பார்த்து உடனே அனுப்பு, கோபுரத்தின் அடியில் தீ வைக்க வேண்டும். தரம், அளவு, அவசரம், காரணம் எல்லாம் ஒரே வரியில்! பொருள் கேட்டு வரும் எங்கள் ஆபீஸ் இன்டென்ட் ஒன்றுகூட இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

பன்றிக் கொழுப்பில் தூண்கள் எரிந்து மூலை சரிந்தது. அப்போதும் உள்ளே இருந்தவர்கள் பணியவில்லை. கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, குதிரை இறைச்சி தின்று தாக்குப்பிடித்தார்கள். நவம்பர் 30-இல் அவர்களை வீழ்த்தியது பசி. ஏறக்குறைய ஏழு வாரம். எல்லோரையும் தூக்கில் போடத் துடித்த ஜானை, நாளை நம் ஆட்கள் பிடிபட்டால் அவர்களுக்கும் இதே கதிதான் என்று சொல்லி அவன் பக்கத்தவர்களே தடுத்தார்கள். சிறுவயதிலிருந்து அவனே வளர்த்த வில்லாளி ஒருவன் மட்டும் தப்பவில்லை.

சரிந்த மூலையை அடுத்த மன்னன் காலத்தில் வட்டமாகக் கட்டினார்கள்.

அக்டோபர் 19, சனி

டோவர் கோட்டைக்குப் போக நினைத்தேன், மழை. அங்கேயும் 1216-இல், ஜானை எதிர்த்து வந்த பிரெஞ்சு இளவரசன் லூயியின் ஆட்கள் சுரங்கம் வெட்டி வாசல் கோபுரம் ஒன்றைச் சாய்த்தார்கள். உள்ளிருந்தவர்கள் மரத்தால் அந்த ஓட்டையை அடைத்துக் கோட்டையைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குத் தலைவன் யார் தெரியுமா? பன்றிக்கு ஆர்டர் வாங்கிய அதே ஹ்யூபர்ட்.