வலப்பக்கம் திரும்ப மனமில்லாத கார்

கூம்புகள் வைத்த ஒரு வட்டத்தில் என் காரின் இடப்பக்கச் சுற்று 8.8 விநாடி. வலப்பக்கச் சுற்று 9.1 விநாடி. நடுவில் இருக்கும் இந்த 0.3 விநாடியைத் தேடியே என் ஐந்து மாதச் சனி, ஞாயிறுகள் கரைந்தன.

கார், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமான வடிவம். என்னுடையது பின்னர் வந்த 1.8 லிட்டர் மாதிரி. இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில், நான்கு மூலையிலும் இரட்டை விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரு கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), எடை ஒரு டன்னை ஒட்டி. வளைவுக்கென்றே பிறந்த கார் என்று இதை ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். என்னுடையது மட்டும் இறுக்கமான வளைவில் மூக்கை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் டயர் முனகுமே தவிர வண்டி திரும்பாது. நடுவளைவில் ஒரு சிறு மேடு வந்துவிட்டால் பின்பக்கம் ஒரு சாண் பக்கவாட்டில் துள்ளும்.

இதில் பாதிப் பாவம் என்னுடையது. போன ஆண்டு யாரோ எடுத்த புகைப்படத்தில் என் கார் வளைவில் படகுபோலச் சாய்ந்திருந்தது. அந்த வெட்கத்தில், முன்பக்கம் இருந்த 19 மில்லிமீட்டர் ஆன்டி-ரோல் பாரை (இரு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி) கழற்றிவிட்டு 22 மில்லிமீட்டர் பாரை மாட்டினேன். மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்தேன். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். கணக்குப் போட்டால் முன்னதைவிட ஏறக்குறைய 80 சதவீதம் அதிகம். சாய்வு குறைந்தது, படம் அழகாக வந்தது, மூக்கு இன்னும் பிடிவாதம் பிடித்தது.

இந்த முறை எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வண்டி எதுவும் வராத ஒரு தார்த் தளத்தில், அனுமதி வாங்கி, காரின் நடுக்கோடு 15 மீட்டர் ஆரத்தில் போகுமாறு கூம்புகளை வட்டமாக வைத்தேன். வழுக்கும் எல்லையிலேயே காரை வைத்துக்கொண்டு ஐந்து சுற்று, பிறகு எதிர்த்திசையில் ஐந்து சுற்று, இரண்டுக்கும் சராசரி. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஏதாவது தவறினால் ஒரு கூம்பு சாயும், அவ்வளவுதான். கணக்கும் சுலபம். வட்டப்பாதையின் முடுக்கச் சூத்திரத்தில் வரும் π (பை) என்ற எண்ணின் வர்க்கம் 9.87, புவியீர்ப்பு 9.81; இரண்டும் கிட்டத்தட்ட அடிபட்டுப் போகின்றன. ஆரத்தை நான்கால் பெருக்கி, சுற்று நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பக்கவாட்டுப் பிடி, புவியீர்ப்பை 1 என்று வைத்த 'ஜி' அளவில் கிடைத்துவிடும். எனக்கு 60-ஐ வகுத்தால் போதும். இடப்பக்கம் 0.77, வலப்பக்கம் 0.72.

வலப்பக்கம் மெதுவாக இருந்ததுதான் என்னை உறுத்தியது. ஓட்டுநர் இருக்கை என் காரில் வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். என் உடல் எடை வலப்பக்கம் இருப்பதால் சுமை சற்றேனும் சமமாகப் பகிரப்படும். ஆகவே அந்தப் பக்கம் ஒரு மயிரிழையாவது வேகமாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. இடது முன்சக்கரம்தான் குற்றவாளி என்று அன்றே சந்தேகப்பட்டேன்.

டயரில் தொடங்கினேன். என் காற்றழுத்தமானியை இன்னொன்றோடு ஒப்பிட்டபோது 4 பிஎஸ்ஐ வித்தியாசம் வந்தது. மூன்றாவதை இரவல் வாங்கிப் பார்த்ததில் பொய் சொன்னது என்னுடையதுதான். தொழிற்சாலை சொன்ன 26 பிஎஸ்ஐ என்று நம்பி இத்தனை நாளும் 30-இல் ஓடியிருக்கிறேன். அதைச் சரிசெய்துவிட்டு, வலப்பக்கச் சுற்று முடிந்த உடனே இடது முன்டயரின் ரப்பருக்குள் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். அகச்சிவப்பு வெப்பமானி வேண்டாம். மேற்பரப்பு சில விநாடிகளில் ஆறிவிடும், அது காட்டுவதும் ஆறிய கணக்குதான். வெளி ஓரம் 78 டிகிரி, நடு 68, உள் ஓரம் 57. இரண்டு ஓரங்களின் சராசரி நடுவோடு ஒத்துப்போகிறது, ஆகவே காற்றழுத்தம் சரி. வெளி ஓரம் மட்டும் வேகிறது என்றால் டயர் தரையில் பரவி நிற்கவில்லை, வெளி விளிம்பில் நின்று திரும்புகிறது. கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, போதவில்லை.

அலைன்மென்ட்டுக்குப் போகுமுன் காரைத் தூக்கி ஜாக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். (வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையை விடுகிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை.) இடது முன் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் கை) புஷ்ஷில், அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையில், நெம்புகோலை வைத்து லேசாக அழுத்தியதும் ரப்பர் வாய் பிளந்தது. உள்ளே இருக்கும் இரும்புக் குழலை விட்டு ரப்பர் பாதிச் சுற்றுக்குமேல் பிரிந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நெம்பினால் மட்டும் ஒரு கறுப்புப் பிறை திறந்து மூடியது. பாரம் ஏறும்போதெல்லாம் இந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சாய்ந்திருக்கிறது.

புஷ் சின்னது. அதைத் தாங்கும் போல்ட்தான் மூன்று நாளைத் தின்றது. அது சாதாரண போல்ட் அல்ல. தலையில் மையம் விலகிய வட்டு இருக்கும், அதைத் திருப்பினால் ஆர்ம் உள்ளே வெளியே நகர்ந்து கேம்பரும் காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறும். பல ஆண்டுகள் யாரும் தொடாததால் புஷ்ஷின் உள்குழலோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்தது. முதல் நாள் துரு இளக்கும் எண்ணெய். இரண்டாம் நாள் எண்ணெயும் சூடும். ஸ்பேனரில் நீளக் குழாயைச் சொருகி இழுத்தபோது போல்ட்டின் தலை அசைந்தது, மகிழ்ந்துபோனேன். அசைந்தது போல்ட் இல்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு கொடுத்திருக்கிறது என்பது கையை விட்டதும் ஸ்பேனர் தானாகத் திரும்பி வந்தபோது தெரிந்தது. மூன்றாம் நாள் புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்தே எடுத்தேன். பழைய புஷ்ஷை வெளியே தள்ளவும் புதியதை உள்ளே இழுக்கவும் ஒரு மரையாணித் தண்டு, பெரிய சாக்கெட், நாலைந்து தடித்த வாஷர் போதுமாக இருந்தது. புதிய போல்ட்டுகளுக்குக் கிரீஸைத் தாராளமாகப் பூசினேன்.

அதன்பிறகு செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கார் அந்தரத்தில், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டேன். இறக்கிப் பார்த்தால் இடது முன்பக்கம் 8 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. இந்த வகை புஷ் சுழல்வதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கும், இன்னொரு ஸ்பிரிங்போல உடலைத் தாங்கிப் பிடிக்கும், சீக்கிரமே கிழியும். மறுபடி தளர்த்தி, நான்கு சக்கரங்களையும் மரக்கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்தி, காரின் முழு எடையும் இறங்கிய பிறகு அடியில் படுத்து இறுக்கினேன். 8 மில்லிமீட்டர் காணாமல் போனது.

அலைன்மென்ட்டை வீட்டிலேயே, தூண்டில் நரம்பு கட்டிச் செய்தேன். காரின் இரு பக்கமும் இணையாக நரம்பை இழுத்து, சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் பார்ப்பது. பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்னதைவிடச் சற்று அதிகம் என்பதால் நரம்பை ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) மையத்திலிருந்து அளந்து கட்ட வேண்டும். ரிம்மிலிருந்து அளந்து கட்டி ஒரு மாலையை வீணடித்தேன். 38 சென்டிமீட்டர் ரிம்மில் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 9 நிமிடக் கோணம் (60 நிமிடம் ஒரு டிகிரி). தரையும் நேர்மையாக இல்லை. கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதுபோல் நீர் நிரப்பிய குழாயை இரு பக்கமும் பிடித்துப் பார்த்ததில் இடதுபுறம் 5 மில்லிமீட்டர் தாழ்வு. கேம்பரில் அதுவே 0.2 டிகிரி பொய். அந்தப் பக்கச் சக்கரத்தின் அடியில் தகடு வைத்துச் சரிக்கட்டினேன். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அளவைக் கெடுக்காமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் அடியில் கிரீஸ் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாள்கள்.

இடது முன் கேம்பர் −0.1 டிகிரி, வலது முன் −0.9 (உட்சாய்வைக் கழித்தல் குறியால் எழுதுவார்கள்). 0.3 விநாடி எங்கே ஒளிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டையும் −1.5-க்குக் கொண்டுவந்தேன். கேம்பரை மாற்றினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்விளிம்பு உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், காஸ்டரைத் தொட்டால் இரண்டும் மாறும். நான்கு முறை சுற்றிச் சுற்றி வந்த பிறகே எல்லாம் ஓர் இடத்தில் நின்றன. முன் டோ பூஜ்யம், பின்னால் மொத்தம் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் காரை முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை இரண்டு முறை அமுக்கிவிட்டே அளந்தேன்.

வட்டத்துக்குத் திரும்பினேன். இரண்டு பக்கமும் 8.5. இதில் புஷ்ஷின் பங்கு எவ்வளவு, கேம்பரின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை; பொறுமையில்லாமல் இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தடித்த பாரைக் கழற்றிப் பழைய 19-ஐ மாட்டினேன். முன் பார் விறைப்பாக இருந்தால், வளைவில் வெளியே சாயும் பாரத்தின் பெரும்பங்கை வெளி முன்டயர் ஒன்றே சுமக்கும். டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமை இரட்டித்தால் பிடி இரட்டிப்பதில்லை. பாரை மெலிதாக்கியதும் பின்டயர்கள் அந்தச் சுமையில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டன, மூக்கு வளைவுக்குள் இறங்கியது. உடல் முன்போலவே படகாகச் சாய்கிறது. சாயட்டும்.

பின்பக்கத் துள்ளல் மட்டும் பாக்கி இருந்தது. ஷாக் அப்சார்பரின் விறைப்பை மாற்றும் கிளிக்குகளை முன்னும் பின்னும் ஒரே நாளில் திருகி, எது என்ன செய்தது என்று தெரியாமல் குழம்பி, எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். பிறகு பின் ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, கீழே தள்ளி வைத்துவிட்டு ஓட்டினேன். ஷாக் அமுங்கும்போது டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் போன இடத்திலேயே நிற்கும். திரும்பி வந்து பார்த்தால் அது, ஷாக் முழுதும் அமுங்கிவிடாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பின் ரப்பருக்குள் புதைந்திருந்தது. காரைத் தாழ்த்தியிருந்ததால் பின்சக்கரத்துக்கு ஏற இடமில்லை; மேடு வந்ததும் ரப்பரில் முட்டியிருக்கிறது, அந்தக் கணத்தில் ஸ்பிரிங் பலமடங்கு விறைத்ததற்குச் சமம். பின் உயரத்தை 12 மில்லிமீட்டர் ஏற்றினேன். அதே மேட்டில் இப்போது 'தொம்' என்ற ஓசை மட்டும் வருகிறது, துள்ளல் இல்லை. கிளிக்குகளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் பக்கத்து இருக்கையில் வந்த நண்பர் இரண்டு சுற்றுக்குப் பிறகு, "பிரேக்கை ஏன் உதறிவிடுகிறீர்கள்?" என்று கேட்டார். வளைவுக்கு முன் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் மூக்கு மேலே எழும்புகிறது. முன்டயரில் பாரம் குறைந்த அந்த நொடியில்தான் நான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன். இத்தனை மாதம் இரும்பையும் ரப்பரையும் குற்றம் சொன்னவனுக்கு இது கொஞ்சம் கசந்தது. காலை மெல்ல எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். களைத்திருக்கும் நாளில் பழைய பழக்கம் வந்துவிடுகிறது.

கடைசியாக வட்டத்தில் ஓடியபோது இடப்பக்கம் 8.3, வலப்பக்கம் 8.2. கைக்கடிகாரத்தின் பிழைக்குள் அடங்கக்கூடிய வித்தியாசம்தான், ஆனாலும் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. இடது முன்டயரின் வெளி ஓரம் 72, உள் ஓரம் 67. கேம்பரை இன்னும் கால் டிகிரி ஏற்றலாம் என்று கை அரிக்கிறது. அதற்குமுன் வலது பின்சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் பேரிங்கிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கிறது.