ரெண்டு டிரைவர், ஒரு கார்டு

ஜூன் 11, புதன்

காலைல லினக்ஸ் மெஷின்ல அப்டேட் போட்டேன், கூடவே புது கெர்னலும் (சிஸ்டத்தோட மையப் பகுதி) வந்துச்சு. ரீபூட் பண்ணா எல்லாமே பூதக்கண்ணாடி வச்சு பாக்குற மாதிரி பெருசு பெருசா நிக்குது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1024x768 மட்டும்தான் இருக்கு, ரெண்டாவது மானிட்டர் சுத்தமா தெரியல. ஒரு விண்டோவ புடிச்சு இழுத்தா அது பின்னாலயே அரை செகண்ட் கழிச்சு வருது, ஃபேன் வேற கத்த ஆரம்பிச்சிருச்சு. கிராபிக்ஸ் கார்டு சும்மா கெடக்க, படம் வரையிற வேலைய மொத்தமா ப்ராசஸர் தலைல கட்டிருக்கு, அதான் சத்தம்.

மெஷின்ல என்னென்ன ஹார்ட்வேர் இருக்குன்னு காட்டுற எல்எஸ்பிசிஐ கமாண்டுக்கு -கே போட்டு பாத்தேன். சவுண்டு, நெட்வொர்க்னு எல்லாத்துக்கும் கீழ எந்த டிரைவர் (அத இயக்குற சாஃப்ட்வேர்) ஓடுதுன்னு ஒரு லைன் இருக்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் அந்த லைனே இல்ல! பூட் ஆகும்போது வர்ற க்ரப் மெனுல பழைய கெர்னல எடுத்து பூட் பண்ணா எல்லாம் ஜம்முன்னு வருது. சரி, கார்டு உயிரோடதான் இருக்கு. அதுவரைக்கும் நிம்மதி.

ஜூன் 12, வியாழன்

டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாத்தேன், ஒவ்வொரு புது கெர்னலுக்கும் டிரைவர திரும்ப பில்ட் பண்றது அதோட வேலை. பழைய கெர்னலுக்கு மட்டும் இன்ஸ்டால்டுன்னு இருக்கு, புதுசுக்கு பில்டே ஆகல. மேக் லாக தொறந்தா எரர் பக்கம் பக்கமா ஓடுது, கெர்னலுக்குள்ள ஏதோ ஃபங்ஷன் மாறிப்போச்சாம், நான் வச்சிருக்க டிரைவர் சோர்ஸ் அத இன்னும் பழைய பேர சொல்லி கூப்பிட்டுட்டு இருக்கு. கெர்னலுக்கு வெளியில இருக்குற மாட்யூலுக்கு (கெர்னல்ல போய் சேர்ற டிரைவர் துண்டு) இதுதான் தலையெழுத்து, உள்ள எப்ப எத மாத்துவாங்கன்னு யாரும் உத்தரவாதம் தர்றதில்ல. சோர்ஸ் ஏன் இவ்ளோ பழசுன்னு யோசிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு, 3 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, டிஸ்ட்ரோ (நான் போட்டிருக்க லினக்ஸ்) தர்ற பேக்கேஜ விட்டுட்டு கார்டு கம்பெனியோட .ரன் இன்ஸ்டாலர் ஃபைல நேரா இறக்கி ஓட்டுனேன். அது கேட்டதுக்கெல்லாம் எஸ், எஸ்னு தட்டுனேன்.

சரி, அந்த டிரைவர்தான் வரல, கெர்னலோடயே வர்ற இன்னொரு டிரைவர் நூவோ ஏன் கார்ட எடுத்துக்கல? அதுக்கும் பதில் அதே ராத்திரிதான். அந்த இன்ஸ்டாலர் மோட்ப்ரோப் (மாட்யூல லோட் பண்ற கமாண்டு) ஃபோல்டர்ல நூவோவ லோட் ஆக விடாம ப்ளாக்லிஸ்ட் பண்ணி ஒரு ஃபைல் எழுதி வச்சிருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல கார்ட புடிக்க முடியாது, ஒரே உறைல ரெண்டு கத்தி கதைதான், அதனால தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப வர வேண்டியவன் வரல, இருக்குறவனுக்கு வாசல் பூட்டு.

ஜூன் 13, வெள்ளி

நூவோவே போதும்னு ப்ளாக்லிஸ்ட் ஃபைல அழிச்சேன், பூட் ஆரம்பத்துல லோட் ஆகுற இனிட்ராம்எஃப்எஸ்ஸ திரும்ப பில்ட் பண்ணேன், ரீபூட். கருப்பு ஸ்கிரீன், இடது மூலைல ஒரு கோடு மட்டும் மினுக்கு மினுக்குன்னு.

கண்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடிச்சா டெர்மினல் வந்துச்சு, எழுத்து எறும்பு சைஸ்ல இருக்கு, மூக்கு மானிட்டர்ல ஒட்டுற அளவுக்கு குனிஞ்சு படிச்சேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு, எழுத்து இவ்ளோ சின்னதா இருக்குன்னா ஃபுல் ரெசல்யூஷன் வந்துருச்சுன்னு அர்த்தம், அதாவது நூவோ லோட் ஆயிருச்சு, அதுக்கு மேல டெஸ்க்டாப்ப வரையிற எக்ஸ் சர்வர்தான் விழுது. லாக்ல 'ஸ்கிரீன் எதுவும் கிடைக்கல'ங்குற எரர். எக்ஸோட செட்டிங்ஸ் இருக்குற எக்ஸ்ஆர்க் கான்ஃப் ஃபைல்ல டிரைவர்ங்குற இடத்துல இன்னமும் கம்பெனி டிரைவர் பேர்தான். இதுவும் அந்த ராத்திரி எஸ்ல ஒண்ணு. ஃபைல் பேர மாத்தி வச்சேன், டெஸ்க்டாப் வந்துச்சு, ரெண்டு மானிட்டரும் வந்துச்சு.

ஆனா ஆமை வேகம். நம்மளுது 2016 மாடல் கார்டு, அந்த தலைமுறைல க்ளாக் ஸ்பீட ஏத்தணும்னா கம்பெனி கையெழுத்து போட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே ஓடுற சாஃப்ட்வேர்) வேணும், அது நூவோ கைல இல்ல, அதனால பூட் ஆன ஸ்பீடுலயே ஓடுது. டைப் அடிக்க தாராளம், 3டி வேலைக்கு ப்ளெண்டர் தொறந்தா கண்ணுல தண்ணி வருது. கடுப்புல பயாஸ்குள்ள போய் கையெழுத்து சரியில்லாத மாட்யூல லோட் ஆக விடாத செக்யூர் பூட்ட ஆன் பண்ணேன், ஏன்னு கேட்டா பதில் இல்ல.

ஜூன் 14, சனி

திரும்ப கம்பெனி டிரைவரே, ஆனா இந்த தடவை டிஸ்ட்ரோ பேக்கேஜ் வழியா. பில்ட் ஆச்சு, நடுவுல ஏதோ பாஸ்வேர்ட் வைக்க சொல்லுச்சு, வச்சேன். ரீபூட்ல நீல கலர்ல ஒரு ஸ்கிரீன், 10 செகண்ட் கவுண்ட்டவுன், நான் அந்த நேரம் பாத்து எழுந்து போயிட்டேன். அது மாட்யூல்ல போட்ட கையெழுத்த மெஷின் ஏத்துக்கறதுக்காக சாவி சேக்குற ஸ்கிரீன். விட்டா போச்சு, மோட்ப்ரோப் பண்ணா சாவிய நிராகரிச்சிட்டேன்னு ஒரே வரில முடிச்சிருச்சு. நேத்து செக்யூர் பூட்ட தொடாம இருந்திருந்தா இதுக்கு வேலையே இல்ல, வேலில போன ஓணான எடுத்து விட்டுக்கிட்டது நான்தான். சாவிய மறுபடி இம்போர்ட் பண்ணி, ரீபூட்ல கீபோர்ட் மேலயே கைய வச்சுட்டு உக்காந்து, என்ரோல் பண்ணி, அந்த பாஸ்வேர்ட அடிச்சு... மாட்யூல் லோட் ஆச்சு.

டெஸ்க்டாப் வரல. கெர்னல் மாட்யூல் ஒரு வெர்ஷன், கூட வர்ற லைப்ரரி ஃபைல் வேற வெர்ஷன், ஒத்துப்போகலன்னு சொல்லுது. லைப்ரரி ஃபோல்டர்ல போய் பாத்தா .ரன் ஃபைல் போட்ட பழைய ஃபைலும் பேக்கேஜ் போட்ட புது ஃபைலும் கலந்து கெடக்கு. பழசு இருக்குறது பேக்கேஜ் மேனேஜருக்கே தெரியாது, அது வச்சதில்லையே. மணி 2. தூங்கப் போறேன்.

ஜூன் 15, ஞாயிறு

டெர்மினல்ல உக்காந்து முதல்ல டிரைவர் பேக்கேஜ் எல்லாத்தையும் சுத்தமா பர்ஜ் பண்ணேன். அப்புறம் பழைய .ரன் ஃபைல டவுன்லோட்ஸ்ல தேடி எடுத்து (3 வருஷமா எத்தனையோ க்ளீன் பண்ணியும் இத மட்டும் அழிக்காம வச்சிருந்ததுக்கு என்னை நானே கும்பிட்டுக்கிட்டேன்) அன்இன்ஸ்டால்னு சொல்லி ஓட்டுனேன், அது வச்சதெல்லாம் அதுவே பொறுக்கிட்டு போயிருச்சு. அதுக்கப்புறம்தான் பேக்கேஜ திரும்ப போட்டேன். சாவி ஏற்கனவே சேத்தது, அதனால நீல ஸ்கிரீன் வரல.

ரெண்டு மானிட்டரும் வந்துருச்சு. எல்எஸ்பிசிஐ போட்டா கார்டுக்கு கீழ அந்த ஒரு லைன் இருக்கு, ஒரே ஒரு டிரைவர் பேரோட. .ரன் ஃபைல டெலிட் பண்ணிட்டேன், ட்ராஷ்லருந்தும்.

ராத்திரி 9 மணிக்கு இன்னொரு கெர்னல் அப்டேட் வந்து நிக்குது. போடுறேன், டிகேஎம்எஸ் லைன் ஓடி முடியிற வரைக்கும் எழுந்திருக்கப் போறதில்ல.