பள்ளத்தூர், மார்ச்

மார்ச் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் தனியாகக் கூப்பிட்டு ஆச்சியைப் பற்றி விசாரித்தார். "நாள் அதிகம் இல்லம்மா. ஒரு சின்ன ஜெபமாவது சொல்ல வைங்க. ரத்தப்பழி உங்க மேல வந்துரக் கூடாது."

வீடு வரும்வரை அந்தச் சொல்லும் கூடவே வந்தது.

மார்ச் 3, திங்கள்

ஆச்சி இரண்டு வாய் கஞ்சி குடித்தார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

கேட்டுவிடுவது என்றுதான் போனேன். வளவில் கட்டில். ஆச்சியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில், சாயங்காலம் விளக்கேற்றியதும் பிள்ளைகளெல்லாம் நெற்றியைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்போம். எல்லோருக்கும் விபூதி. என் முறை வந்தால் ஆச்சி விரலை முந்தானையில் துடைத்துவிட்டு, வெறும் விரலை என் நெற்றியில் வைப்பார்கள். "வேதக்காரப் பிள்ளை. அவுக சாமி கோவிச்சுக்குவாரு." ஒருநாள்கூடத் துடைக்க மறந்ததில்லை.

எந்த வாயால் கேட்பேன்? காலைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

லெந்து, தவக்காலம், ஆரம்பம். பணியாரச் சட்டி பட்டு மணிக்கட்டில் கொப்புளம். பட்டது ஒரு நொடிதான்.

மார்ச் 6, வியாழன்

ராத்திரி மணி 2. நரகத்துக்கு இயேசு சொன்ன சொல் கெகென்னா. எருசலேமுக்கு வெளியே இருக்கிற இன்னோம் பள்ளத்தாக்கு அது. தமிழில் அதை நரகம் என்று படித்ததுமே எண்ணெய்க் கொப்பரை கண்ணில் வந்து நிற்கிறது. அந்தக் கொப்பரை வேதத்தில் எங்கேயும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில்தான் பெற்ற பிள்ளைகளைத் தீயில் போட்டார்கள். எரேமியா 7:31-ல் கர்த்தர் அதைப் பற்றிச் சொல்கிறார்: "அதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை."

என் மனதில் தோன்றவுமில்லை. நாலு தடவை வாசித்தேன். மனதில்கூடத் தோன்றாதவர், ஆச்சியை முடிவே இல்லாமல் எரிக்க இடம் கட்டி வைத்திருப்பாரா?

மத்தேயு 10:28-ல் ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே 'அழிக்க' வல்லவர் என்றுதான் இருக்கிறது. அழிப்பது வேறு, எரித்துக்கொண்டே இருப்பது வேறு. 1988-ல் இங்கிலாந்துப் போதகர் ஜான் ஸ்டாட்டே தயங்கித் தயங்கி இந்தப் பக்கம் வந்தார். ஆனால் அழிந்துபோவதும் எனக்கு வேண்டாம். ஆச்சி எங்கேயுமே இல்லாமல் போவதா? நிசாவின் ஆயர் கிரெகோரி 4-ஆம் நூற்றாண்டிலேயே நரகத் தீயைப் பொன்னைப் புடம்போடும் தீ என்றார். கடைசியில் எல்லோரும் தேவனிடம் திரும்புவார்கள் என்று நம்பினார். அவரை இன்றைக்கும் புனிதர் என்றே சொல்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

மத்தேயு 25:46. நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன். கிரேக்கத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல். ஒன்றுக்கு முடிவு உண்டென்றால் மற்றதற்கும் உண்டே என்று ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் அன்றைக்கே கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை. கொப்புளம் உடைந்துவிட்டது.

மார்ச் 8, சனி

நாம் இதை நிஜமாகவே நம்புகிறோமா? நம்பினால் ராத்திரி எப்படித் தூங்குகிறோம்? இந்தத் தெருவில் எத்தனை வீடு! ஒரு வீட்டுக் கதவையாவது தட்டி அழுதிருக்கிறோமா? சபையின் ஐக்கிய விருந்தில் பிரியாணியைப் பிசைந்துகொண்டே யார் யாருக்கு நரகம் என்று பேசுகிறோம். வயிறு எரிகிறது.

மார்ச் 9, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

மூச்சு இழுக்கிறது. மகன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிவிட்டாராம். பாஸ்டர் இரண்டு தடவை போன் பண்ணினார், எடுக்கவில்லை. மத்தியானம் ஆச்சி கண்ணைத் திறந்து, "சாப்ட்டியா ஆத்தா?" என்றார்கள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். 139-ஆம் சங்கீதத்தை அவர்கள் காதோரம் வாசித்தேன். "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்" என்ற இடத்தில் குரல் போய்விட்டது. ஆச்சி என் கையை விடவில்லை.

கட்டிலைத் திருப்பித் தெற்கே தலை வைக்கச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார்கள்.