டூயட் வாசிக்கக் கேட்ட அப்பா

"இதுல டூயட் ஒண்ணு இருக்கே மிஸ். அந்த இன்னொரு பாகத்தை நான் வாசிக்கலாமா?"

என் பியானோ மாணவன் ஒருவனின் அப்பா இப்படிக் கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னேன். "வேண்டாங்க. இது அவனோட பரீட்சை." அவர் "ஆமா மிஸ், சரிதான்" என்றார். அப்புறம் பேச்சு ஸ்கேல் பயிற்சிகளுக்குப் போய்விட்டது. பையன் அந்தக் கிரேடை (தேர்வு நிலையை) நன்றாகவே முடித்தான், அதற்கடுத்த கிரேடுகளையும் முடித்தான். யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்றுவரை எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பியானோ சொல்லிக்கொடுப்பவர்களுக்கு விதி தெரியும். பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் பியானோ தேர்வில் இனிஷியல் கிரேடு முதல் மூன்றாம் கிரேடு வரை, மூன்று பீஸில் (இசைத் துண்டில்) ஒன்றை டூயட்டாக, அதாவது இருவர் சேர்ந்து, வாசிக்கலாம். கூட வாசிப்பவரை நாமே அழைத்துப்போக வேண்டும். அந்த ஒரு பீஸுக்கு மட்டும் அவர் அறைக்குள் இருக்கலாம். ஆசிரியரே வாசிக்கலாம், தேர்வாளர் வாசிக்க மாட்டார். நான்காம் கிரேடில் இந்த வழி இல்லை. பையன் அப்போது மூன்றாம் கிரேடு. அதாவது அவர் கேட்டது விதிக்கு உட்பட்டதுதான், அதற்கு அதுதான் கடைசி வாய்ப்பும்கூட. தெரிந்துதான் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. சிலபஸை வரிவரியாகப் படிக்கிற மனிதர், தெரிந்தே இருக்கும்.

அவருக்கு இசை தெரியாது. பையன் சேர்ந்த புதிதில் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் குறிப்பெடுப்பார். வீட்டில் பையன் பழகும்போது பக்கத்தில் உட்காருவார். எதை வைத்து சரி, தப்பு என்று சொல்வது? அதற்காகவே ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறியீடு, படிக்கக் கற்றுக்கொண்டார். முதலில் மேல் ஸ்வரங்களுக்கான டிரெபிள் கிளெஃப், பிறகு கீழ் ஸ்வரங்களுக்கான பேஸ் கிளெஃப். பையன் முடித்துவிட்டு மூடிவைத்த புத்தகங்களை இவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். பையனுக்கு இரண்டு புத்தகம் பின்னால் எப்போதும் வந்துகொண்டே இருந்தார். தான் வாசிப்பதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. பையன்தான் ஒருநாள், "அப்பா என்னோட பழைய பீஸெல்லாம் வாசிக்கிறாங்க மிஸ், ரொம்ப மெதுவா" என்று சொன்னான்.

நான் ஏன் வேண்டாம் என்றேன்? காரணங்கள் இருந்தன, இன்றைக்கும் அவை எனக்குச் சரியாகவே படுகின்றன.

அந்தப் பையன் ஒவ்வொரு தப்பு ஸ்வரத்துக்கும் நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புவான். வகுப்பில் அப்பா இல்லாதபோதும் கழுத்து அந்தப் பக்கம் போகும். முன்பு பார்த்திராத ஒன்றை அங்கேயே பார்த்து வாசிக்கும் சைட் ரீடிங்கில் இது ஆளையே கவிழ்த்துவிடும். பார்த்துக்கொள்ள அரை நிமிடம் தருவார்கள், பிறகு வாசிக்க வேண்டும். தப்பு வந்தாலும் தாளத்தை விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இவனோ இரண்டாம் கிரேடில் அந்தப் பகுதியில் 21-க்கு 12 வாங்கியிருந்தான். 14 எடுத்தால்தான் அந்தப் பகுதியில் தேர்ச்சி. (ஒரு பகுதியில் குறைந்தாலும் மொத்தம் 150-க்கு 100 வந்துவிட்டால் தேர்வில் தேர்ச்சிதான். இதைப் பெற்றோருக்குச் சொன்ன பிறகுதான் பலருக்கு மூச்சே வருகிறது.) ரிசல்ட் வந்த கையோடு அப்பாவிடம் சொன்னேன், "வீட்ல பழகும்போது இனிமே பக்கத்துல உட்கார வேண்டாம். அடுத்த அறையில இருங்க, முடிச்ச பிறகு ஒரு தடவை கேளுங்க." அவர் அதை அப்படியே செய்தார். வகுப்புக்குள் வருவதையும் அவராகவே நிறுத்திக்கொண்டார். அது நான் சொல்லாதது. பையன் மெல்ல மெல்ல நிறுத்தாமல் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்த டூயட் கேள்வி வந்தது. அப்பாவைத் திரும்பவும் அதே ஸ்டூலில், அதுவும் தேர்வறைக்குள்ளேயே உட்கார வைப்பதா? பதற்றம் என்று வந்துவிட்டால் பெரியவர்கள் கைதான் குழந்தைகள் கையைவிட அதிகம் நடுங்கும், பார்த்திருக்கிறேன். அவர் ஓரிடத்தில் தடுமாறினால் 30 மதிப்பெண் பீஸ் பையனுக்குக் குலையும். அந்தப் பாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போவது யார்?

மூன்றாம் கிரேடில் பையன் 126 எடுத்து, வெறும் தேர்ச்சிக்கு மேல்நிலையான மெரிட் வாங்கினான். சைட் ரீடிங் 19. நான் எடுத்த முடிவு சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் "இது அவனோட பரீட்சை" என்று நான் சொன்னபோது அவன் அதே அறையில்தான் இருந்தான். புத்தகங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய பரீட்சை என்று சொல்லிவிட்டு அவனைக் கேட்காமல் நானே முடிவு செய்தேன். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? அப்பா எதிரில் நிற்கும்போது அந்த வயதுப் பையன் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டான். "சரி" என்று சொன்னாலும் அது அவன் ஆசையா, அப்பாவின் ஆசையா என்று எனக்குத் தெரிந்திருக்காது. ஆக, கேட்டும் பயனில்லை. இப்படி நான் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே என்று உடனே ஒரு எண்ணம் வருகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெற்றோர் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதில் எங்கள் தொழிலுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசூகி வகுத்த முறையில் பெற்றோர் வகுப்பில் உட்கார வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், வீட்டில் அவர்தான் ஆசிரியர். குழந்தைக்கு முன்பாகவே பெற்றோர் கொஞ்சம் வாசிக்கக் கற்றுக்கொள்வதும் அதில் உண்டு. அதாவது, அந்த அப்பா தானாகத் தேடிக்கண்டுபிடித்துச் செய்துகொண்டிருந்ததை ஒரு முறையாகவே உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் கற்றுவந்த வழி வேறு. எங்கள் வகுப்புக் கதவு சாத்தியிருக்கும், பெற்றோர் வெளியே இருப்பார்கள். அந்த வழியில் வளர்ந்தவளுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமனின் அப்பா ஃபிரீட்ரிக் வீக், மகளுடைய நாட்குறிப்பை அவள் எழுதுவதுபோலவே தானே எழுதிவைத்தவர். மகளை ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞர் ஆக்கினார் என்பது உண்மை. ஆனால் அந்த நாட்குறிப்பில் பேசுவது மகளா, அப்பாவா? எட்டாம் கிரேடு முடித்த மறுநாளிலிருந்து பியானோவைத் தொடாத ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் வாசித்ததெல்லாம் அம்மாவுக்காக என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கதவைச் சாத்துவது எனக்குப் பழக்கமானது.

ஆனால் அந்த அப்பா வீக் இல்லை. அதுவும் எனக்கு அப்போதே தெரியும்.

நான்காம் கிரேடுக்குப் பழகும்போது பையனிடம், "ஆரல் டெஸ்டுக்கு வீட்ல யார் உதவி பண்றாங்க?" என்று கேட்டேன். ஆரல் என்பது இசையைக் காதால் கேட்டுப் பதில் சொல்லும் பகுதி. பாடிக்காட்டிய வரியைத் திருப்பிப் பாடுவது, தாளத்தைக் கேட்டுச் சொல்வது, இதெல்லாம் வாசிக்கத் தெரியாத பெற்றோரும் வீட்டில் விளையாட்டுபோலச் செய்யக்கூடியவை. நான் எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்வதுதான். "யாரும் இல்ல மிஸ், ஆப் இருக்கு" என்றான். அப்புறம் அவனாகவே, "அப்பா இப்பல்லாம் பியானோகிட்ட வர்றதில்ல" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை, ஒரு தகவல்போலத்தான் சொன்னான்.

அன்றைக்கே அவரை அழைத்துப் பேசினேன். என்னிடம் ஒரு யோசனை தயாராக இருந்தது. "நீங்களே தனியா கத்துக்கலாமே. இந்தப் பரீட்சைகளுக்கு வயசு வரம்பே கிடையாது. உங்களுக்கு ஆர்வம் இருக்கு, பொறுமை இருக்கு." அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு பியானோ கத்துக்கணும்னு இல்ல மிஸ். அவன்கூட உட்கார்ந்து வாசிக்கணும்னுதான்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. என் யோசனைக்கு நன்றிகூடச் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் அந்தப் பழைய பதில் என்னைத் தொந்தரவு செய்ய ஆரம்பித்தது. பெற்றோரை நாங்கள் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறோம்: உதவுகிறவர்கள், அழுத்தம் கொடுக்கிறவர்கள். முதல் வகைக்கு நன்றி சொல்வோம், இரண்டாம் வகையைத் தள்ளி உட்காரச் சொல்வோம். அவரை முதலில் உதவுகிறவர் என்று நினைத்தேன், பிறகு அழுத்தம் கொடுக்கிறவர் என்று நினைத்தேன், கடைசியில் தனக்குள் ஒரு இசை ஆசையை ஒளித்து வைத்திருப்பவர் என்று நினைத்தேன். மூன்றுமே பொருந்தவில்லை. மகனோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்திருந்தது அவருக்கு, அவ்வளவுதான். பையனுக்குப் பாதிப்பு என்று நான் கண்டதும் உண்மை, அவருக்கு அது ஒரு நல்ல நேரமாக இருந்ததும் உண்மை. என் கண்ணில் முதலாவது மட்டும்தான் பட்டது. என் வேலை பையனைப் பார்ப்பதுதானே என்று கேட்டால், ஆமாம், அதுதான் என் வேலை.

பெற்றோரிடம் நாங்கள் சொல்பவற்றைப் பட்டியல் போட்டால் எல்லாமே ஏதாவது செய்யச் சொல்பவைதான். நேரம் ஒதுக்குங்கள், ஸ்டூல் உயரத்தைச் சரிபாருங்கள், பியானோவை டியூன் செய்து வையுங்கள், தப்பைத் தேடாதீர்கள், "இன்னைக்கு கத்துக்கிட்டதை வாசிச்சுக் காட்டு" என்று மட்டும் கேளுங்கள். எல்லாம் நல்ல அறிவுரைதான், இன்றும் சொல்கிறேன். இதையெல்லாம் செய்கிற பெற்றோருக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. சாத்திய கதவுக்கு வெளியே பல வருடம் உட்கார்ந்தே பீஸ் எல்லாவற்றையும் மனப்பாடமாக அறிந்துவைத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பீஸின் பெயர் தெரியாது, எந்த இடத்தில் குழந்தை தடுமாறும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். ஒன்று முதல் மூன்று வரையிலான கிரேடுகளுக்கு நேரடித் தேர்வே பன்னிரண்டு நிமிடம்தான். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக அவர்கள் வெளியே உட்கார்ந்த நேரத்துக்குக் கணக்கே இல்லை.

இதைச் சொன்னால் உடன் பணிபுரியும் ஒருவர் மறுக்கிறார். "பையன் சொந்தக் காலில் நின்றான், ஐந்தாம் கிரேடு தியரியைத் தானே படித்து எழுதினான், இன்னும் என்ன வேண்டும்? அப்பா பக்கத்திலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்பது அவர் கேள்வி. நடந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். அவரோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம், இன்னொருவர் அதையே கேட்டிருக்கிறார். மகள் இரண்டாம் கிரேடு. அம்மா சின்ன வயதில் கொஞ்சம் வாசித்து விட்டவர், டூயட்டில் கூட வாசிக்கட்டுமா என்று கேட்டார். இந்த முறை மகளைத் தனியாகக் கேட்டேன். "வாசிக்கட்டும் மிஸ்" என்று உடனே சொன்னாள். சரி என்றுவிட்டேன். அந்த அம்மாவின் பாகத்துக்கு விரலெண்களும் எழுதிக்கொடுத்தேன். இதை அந்த மகளுக்காகச் செய்கிறேனா, அந்த அப்பாவை நினைத்துக்கொண்டு செய்கிறேனா என்பது எழுதும்போதே எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது.

சென்ற வாரம் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். நன்றாக வரவில்லை. அம்மா இடதுகை மாறும் இடங்களில் பின்தங்கினார், மகள் நிறுத்தி நிறுத்தி, "அம்மா, லேட்டா வர்றீங்க" என்று எரிச்சல்பட்டாள். அடுத்த முறை அம்மா அவசரப்பட்டு முந்தினார். மகள் கையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முன்பு பயந்தது ஏறக்குறைய இதைத்தான். நடுவில் எட்டு பார் (தாளக் கட்டம்) மட்டும் இருவரும் ஒன்றாகப் போனார்கள், அப்போது மகள் சிரித்தாள். அந்த எட்டு பாரை வைத்து ஒரு முடிவு எடுக்க முடியாது.

எந்த பீஸ் என்று பதிவின்போது சொல்ல வேண்டியதில்லை என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. டூயட்டுக்குப் பதிலாக வாசிக்க ஒரு தனி பீஸையும் சேர்த்தே பழகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து அவருடைய பாகத்தைத் தனியாக வாசித்துப் பார்க்கும்படியும், மகள் அப்போது அடுத்த அறையில் இருக்கட்டும் என்றும் சொன்னேன்.